குப்பைக்கு ஒரு ஆலோசனைக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி. குப்பைத் திட்டத்துக்கு யோசனை சொல்ல ஒரு குழு அமைத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. பக்கத்து ஊர்களில் இருந்து "நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க, யார்கிட்ட மனு கொடுத்தீங்க" என்று வாரத்துக்கு ஒரு போனாவது வருகிறது. எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதில் இருப்பது தமிழ்நாட்டு நகராட்சி, பேரூராட்சி அளவுக்குப் பொருந்தும். சென்னை மாதிரி ஊரில் ஒரு வார்டுக்கு வேண்டுமானால் இதைச் செய்து பார்க்கலாம். மொத்த மாநகராட்சிக்கும் என்றால் அது வேறு கதை.

நகராட்சி இருக்கிறது, சுகாதாரப் பிரிவு இருக்கிறது, குப்பை அள்ள ஒப்பந்தக்காரரும் இருக்கிறார். நடுவில் நாம் எதற்கு?

எந்தச் சந்தில் பேட்டரி வண்டி திரும்பாது, எந்தத் தெருவில் கணவன் மனைவி இரண்டு பேரும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், எந்த முனையில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பிரியாணிக் கடை மூட்டை வந்து விழுகிறது என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். திட்டம் எழுதுகிறவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். மக்கள்தொகையை ஆளுக்கு இத்தனை கிராம் என்று பெருக்கி, வந்த எண்ணுக்கு இத்தனை வண்டி, இத்தனை ஆள் என்று வகுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஊர் திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தபோது ஒரு பக்கத்தில் வேறொரு ஊரின் பெயர் அப்படியே இருந்தது. அதை மாற்றக்கூட யாரும் ஒரு முறை படித்துப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் நாங்கள் குழு அமைப்பது என்று முடிவு செய்தோம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா, அல்லது நாமாகப் போய் உட்கார்ந்துகொள்வதா?

இடம் இருக்கிறது. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 18 பொருள்களை நகர உள்ளாட்சிகளின் கைக்குத் தரலாம் என்று பட்டியல் போட்டது, திடக்கழிவு மேலாண்மை அதில் ஒன்று. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி அமைக்க வேண்டும் என்று சொன்னதும் அதே திருத்தம்தான். நம் மாநிலத்தில் அது முப்பது வருடம் ஏட்டில் கிடந்தது. 2022-ல்தான் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரைப் போட்டு, கவுன்சிலர் தலைவராக இருப்பதுதான் வார்டு கமிட்டி.

இன்னொரு பக்கம் 2016-ம் வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள். ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கென்று ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும், மாநில அளவில் ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும், அது ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இப்போது அந்த விதிகளுக்குப் பதிலாக 2026 விதிகள் வந்துவிட்டன. ஆனாலும் நாங்கள் ஆணையரிடம் போனபோது கையில் வைத்துக்கொண்ட வாதம் இதுதான்: மாநிலத்துக்கே யோசனை சொல்ல ஆள் வேண்டும் என்று விதி எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள், நம் ஊருக்கு மட்டும் வேண்டாமா?

அவர் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை.

மனு கொடுத்தால் போதுமா?

போதாது. மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும், அவ்வளவுதான். நகர்மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வைத்துத் தீர்மானம் போட வைக்க வேண்டும், அதன் அடிப்படையில் ஆணையரின் செயல்முறைகள் என்று ஒரு உத்தரவுத் தாள் வர வேண்டும். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஆணையர் மாற்றலாகிப் போன மறுநாள் குழுவும் போய்விடும். எங்கள் ஊரில் மூன்று வருடத்தில் மூன்று ஆணையர்கள். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது "நீங்க யாரு?" என்பதுதான், தாளை எடுத்து நீட்டினால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

தீர்மானத்தில் குழுவின் பெயர், எத்தனை பேர், எத்தனை வருடம் என்பதெல்லாம் வழக்கம்போல இருக்கட்டும். இரண்டு வரிகளை மட்டும் எப்பாடுபட்டாவது சேர்த்துவிடுங்கள். குழு எழுத்தில் கேட்கும் தகவலை 15 நாளுக்குள் அலுவலகம் தர வேண்டும் என்பது ஒன்று. குழு எழுதிக் கொடுக்கும் யோசனையை ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் வர வேண்டும் என்பது இன்னொன்று. ஆலோசனைக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது, ஒரு குப்பைத் தொட்டியை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் நகர்த்தக்கூட முடியாது. கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவது ஒன்றுதான் அதன் பலம்.

எங்களுடையது கிராம ஊராட்சி. என்ன செய்வது?

உங்களுக்கு வேலை சுலபம். கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை. அதில் தீர்மானம் போட்டு ஏழெட்டுப் பேரை நியமித்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் தூய்மைக் காவலர்களைச் சேர்க்க மறக்காதீர்கள்.

யார் யாரைச் சேர்ப்பது? எத்தனை பேர்?

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். 21 பேர் போட்டோம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், டாக்டர், வக்கீல், அரிமா சங்கம், வர்த்தக சங்கம், நடைப்பயிற்சி நண்பர்கள் என்று ஊரில் பெயர் தெரிந்த எல்லோரும் இருந்தார்கள். தினமும் குப்பையைத் தொடுகிறவர் ஒருவர்கூட இல்லை. முதல் மூன்று கூட்டமும் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்பதைத் திரும்பத் திரும்பப் பேசியே முடிந்தன. நாலாவது கூட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். அந்த ஒன்பது பேரும்தான் பிறகு உருப்படியாக ஏதோ செய்தோம்.

இப்போது 14 பேர். தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் வீடு வீடாகப் போகிறவர், ஒருவர் வண்டி ஓட்டுகிறவர், ஒருவர் உரக் கூடத்தில் பிரிக்கிறவர். மூன்று பேருக்கும் தெரிந்தது மூன்று விதம். அப்புறம் பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவர். இவரை ஏன் என்று பலரும் கேட்டார்கள். எந்தப் பிளாஸ்டிக்குக்கு விலை உண்டு, எது ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம் என்று ஊரில் துல்லியமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மசாலா பாக்கெட், சிப்ஸ் பாக்கெட் மாதிரி உள்ளே வெள்ளி மினுக்கும் உறைகளைக் காட்டி "இது எங்க போனாலும் குப்பைதான் சார்" என்று அவர் சொன்னது, திட்ட அறிக்கையில் 'மறுசுழற்சிக்கு உகந்தவை' என்று இருந்த ஒரு பெரிய பத்தியை அடித்துப் போட வைத்தது.

காய்கறி மார்க்கெட்டில் இருந்து ஒருவர், கல்யாண மண்டப மேனேஜர் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்து இரண்டு பேர், பள்ளி ஆசிரியை ஒருவர், உரம் எடுத்துப் போகிற விவசாயி ஒருவர், கவுன்சிலர்கள் இரண்டு பேர் (ஒருவர் கட்டாயம் எதிர்க்கட்சி), குப்பைக் கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்களில் இருந்து இரண்டு பேர். இந்தக் கடைசி இரண்டு பேரைச் சேர்க்காமல் குழு என்று ஒன்றை அமைக்கவே அமைக்காதீர்கள். மற்றவர்களுக்குக் குப்பை என்பது காலையில் வாசலோடு முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு ராத்திரி ஜன்னலைச் சாத்தினாலும் முடிவதில்லை.

தூய்மைப் பணியாளர்கள் கூட்டத்தில் பேசுவார்களா? எங்கள் ஊரில் கூப்பிட்டோம், வந்து கம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். மேஸ்திரியும் சுகாதார ஆய்வாளரும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு அக்கா எப்படி வாயைத் திறப்பார்? நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதும், கூட்டத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருகிற மற்றவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியாதது இல்லை. 'எல்லோரும் சமம், தைரியமாகச் சொல்லுங்கள்' என்று மைக்கில் அறிவித்தால் மட்டும் அது மாறிவிடாது.

நாங்கள் செய்தது இது. கூட்டத்தை மாலை ஆறு மணியில் இருந்து மதியம் இரண்டரைக்கு மாற்றினோம். காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு மாலை ஆறு மணி என்பது சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, படுக்கப் போகிற நேரம். கூட்ட நாள் அரை நாள் வேலையாக மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், ஏற வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். முதல் அரை மணி நேரம் அதிகாரிகள் யாரும் அறையில் இருப்பதில்லை, அந்த அரை மணியில் சொல்லப்படுவது யார் சொன்னது என்ற பெயர் இல்லாமல் குறிப்பேட்டில் ஏறும்.

இரண்டு கூட்டம் கழித்துப் பேச ஆரம்பித்தார்கள். முதலில் வந்த புகார் குப்பையைப் பிரிக்காததைப் பற்றி இல்லை. முடிச்சுப் போட்ட கவரில் சுற்றிக் கொடுக்கும் உடைந்த கண்ணாடியைப் பற்றி. கையுறை கொடுக்கிறார்கள்தான், ஆனால் அது மெல்லிசு, இரண்டாவது நாளே விரல் நுனியில் கிழிகிறது. எங்கள் குழுவின் முதல் எழுத்துப் பரிந்துரை கையுறை பற்றியது. அது ஏற்கப்பட்டது.

கவுன்சிலரைத் தலைவராகப் போடலாமா?

போடலாம், ஆனால் வேண்டாம். நல்ல கவுன்சிலராக இருந்தாலும் கூட்டம் அவருடைய தேதிக்குக் காத்துக் கிடக்கும். தலைவர் சுழற்சி முறையில் மாறட்டும். கவுன்சிலரின் வேலை நம் கோரிக்கையை மன்றத்தில் பொருளாக வைப்பது, அதை அவர் செய்தாலே பெரிய விஷயம்.

முதல் கூட்டத்தில் என்ன பேச வேண்டும்?

ஒன்றும் பேச வேண்டாம். காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி கிளம்பும் இடத்துக்கு எல்லோரும் வரச் சொல்லுங்கள். ஒரு வண்டி பின்னாலேயே நடந்து போங்கள், வீட்டு வாசலில் இருந்து உரக் கூடம் வரை, அங்கிருந்து மிச்சம் போகும் கிடங்கு வரை. டாக்டரும் வக்கீலும் நடக்கட்டும்.

எங்கள் குழுவில் இருந்த ஒருவர் தன் வீட்டில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று கணக்காகப் பிரித்து வைக்கிறவர். அவர் கண் முன்னாலேயே அவர் வீட்டு இரண்டு தொட்டியும் ஒரே சாக்கில் கொட்டப்பட்டன. தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் இருந்த நான்கு டிரம்மில் இரண்டின் அடிப்பாகம் இற்றுப் போய் ஓட்டையாக இருந்ததால் மிச்ச இரண்டில் எல்லாவற்றையும் போட வேண்டிய நிலை. ஆறு மாதமாக 'ஊர்க்காரர்கள் பிரித்துக் கொடுப்பதில்லை' என்று பேசிக்கொண்டிருந்தோம், கடைசியில் பார்த்தால் டிரம் இல்லை! அவர் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஊர்க் குப்பையில் எது எவ்வளவு இருக்கிறது என்று எடை போட்டுப் பார்ப்பது எப்படி? இன்ஜினியர் வேண்டாமா?

வேண்டாம். ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, தடிமனான கையுறை, எட்டு பேர் போதும். சரி, மூக்குக்கு ஒரு துணியும். பணக்காரத் தெரு ஒன்று, நடுத்தரமான தெரு ஒன்று, குடிசைப் பகுதி ஒன்று, கடைத்தெரு ஒன்று என்று நாலு இடத்தில் இருந்து ஒரு நாள் குப்பையைத் தனித்தனியாகக் கொண்டு வரச் சொல்லுங்கள். மொத்தத்தையும் பிரிக்க முடியாது, அதனால் நன்றாகக் கலந்து கூம்பு மாதிரி குவித்து, மேலே தட்டி, இட்லித் தட்டைப் போல் வட்டமாக்கி, நாலு பங்காகக் கோடு போட்டு, எதிரெதிராக இருக்கும் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுங்கள். குவியல் கையில் அடங்குகிற அளவுக்கு வரும் வரை இதையே திரும்பச் செய்யலாம். அப்புறம் பிரித்து எடை போட வேண்டும்.

எப்படிப் பிரிப்பது என்றால், 2016 விதிகள் ஈரம், உலர், வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் நான்கு: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதியான மாத்திரை மாதிரி தனிக் கவனம் வேண்டியவை. நாங்கள் இதோடு மண்ணையும் தனியாக எடை போட்டோம். தெரு பெருக்குகிற மண் எல்லாம் குப்பைக் கணக்கில்தான் லாரியில் போகிறது, அதற்கும் டன்னுக்கு இவ்வளவு என்று ஊர் காசு கொடுக்கிறது.

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய் விரித்து நாங்கள் உட்கார்ந்த அந்தக் காலை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாழை இலை, முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், பூ, தலைமுடி. பால் பாக்கெட்டின் முனையில் வெட்டிய குட்டி முக்கோணம் மட்டும் ஒரு கை நிறையச் சேர்ந்தது. பாக்கெட்டைக் கழுவிப் பழைய பேப்பர் கடைக்குக் கொடுக்கிறவர்கள்கூட அந்த முக்கோணத்தைத் தேங்காய் நாரோடு போட்டுவிடுகிறார்கள், அது உரத்தில் கலந்து விவசாயியின் வயலுக்குப் போகிறது. பாக்கெட்டை முழுசாக வெட்டாமல் ஓரத்தில் தொங்க விட்டு வெட்டுங்கள் என்று அன்றைக்கு ஆரம்பித்த பிரசாரம்தான் எங்கள் குழு செய்ததிலேயே காசு செலவில்லாதது.

எல்லாத் தெருவிலும் ஈரக் குப்பைதான் பாதிக்கு மேல். கடைத்தெருவில் அட்டை. ஒரு நாள் கணக்கு போதாது, கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை செய்ய வேண்டும்.

திட்டத்தில் என்னவெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்?

முதலில் நாள்காட்டி. நம் ஊர் குப்பை வருடம் முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணியும் வாழைக்கன்றும் பொரியும் ரோடு முழுக்கக் கிடக்கும், அன்றைக்குக் கூடுதல் வண்டி இல்லை என்றால் இரண்டு நாளில் நாறிவிடும். பொங்கல் என்றால் கரும்புச் சக்கை. போகியன்று பழைய பாயும் டயரும் எரியும், அதற்கு முந்தின வாரமே வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொண்டால் பாதியாவது எரியாது. ஏப்ரல், மே இளநீர் மட்டை. முகூர்த்த நாளில் எச்சில் இலை. இதெல்லாம் நம்மூர்க்காரர் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் எங்களுக்கு வந்த திட்ட அறிக்கையில் 'பண்டிகை' என்ற சொல்லே கிடையாது.

அடுத்து, பெரிய அளவில் குப்பை போடுகிறவர்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் போடும் மண்டபம், ஓட்டல், விடுதி எல்லாம் தங்கள் ஈரக் குப்பையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-லேயே விதி சொல்லிவிட்டது. யார் யார் அந்தக் கணக்கில் வருகிறார்கள் என்ற பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் குழுவே எடுத்துக் கொடுக்கலாம், ஒரு வாரம் போதும்.

மூன்றாவது, மிச்சம் எங்கே போகிறது. எல்லாம் பிரித்து, உரம் போட்டு, விற்று முடித்த பிறகும் ஒன்று மிஞ்சும். அதற்குத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டால் அது ஏரிக்கரைக்குத்தான் போகும்.

ஒப்பந்த விவகாரத்தில் குழு தலையிட வேண்டுமா? அதெல்லாம் அரசியல் ஆயிற்றே.

யாருக்கு ஒப்பந்தம் என்பதில் மூக்கை நுழைக்காதீர்கள். எப்படிப்பட்ட ஒப்பந்தம் என்பதில் கட்டாயம் நுழையுங்கள். அள்ளிக் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தம் இருந்தால், எடை கூடினால் ஒப்பந்தக்காரருக்கு லாபம். அவர் எதற்குப் பிரிப்பார்? மழையில் நனைந்த குப்பையும் தெரு மண்ணும் அவருக்கு வரம். இத்தனை வீட்டில் பிரித்து வாங்கினால் இவ்வளவு, உரக் கூடத்துக்கு இத்தனை கிலோ சுத்தமான ஈரக் குப்பை வந்தால் இவ்வளவு என்று மாற்றினால் அதே ஒப்பந்தக்காரர் வேறு ஆளாகிவிடுவார். விழிப்புணர்வு ஊர்வலம் பத்து நடத்தினாலும் இந்த ஒரு ஷரத்தை மாற்றுவதற்கு ஈடாகாது என்பது என் கருத்து, இதில் எங்கள் குழுவிலேயே எல்லோருக்கும் உடன்பாடு இல்லை.

தொழிலாளர் பக்கமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு வெளியே இரவு பகலாக உட்கார்ந்தார்கள், கடைசியில் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு யோசனை சொல்லி என்ன பயன்? உங்கள் ஊர் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வேலையை ஆரம்பியுங்கள்.

உரக் கூடம் எங்கே வைப்பது என்று கேட்டாலே ஊரே சண்டைக்கு வருகிறது.

வரத்தான் செய்யும். எங்கள் வார்டில் வைக்கக்கூடாது என்று எல்லா வார்டும் சொன்னால் கடைசியில் அது எதிர்த்துக் குரல் கொடுக்க முடியாதவர்களின் வார்டுக்கோ நீர்நிலைக்கோ போகும். சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேதான் உட்கார்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் ஏறியது, குப்பை மலையைத் தோண்டிச் சலிக்கும் வேலை வருடக்கணக்கில் நீண்டது. 2016 விதிகளில் குப்பை புதைக்கும் இடம் ஆற்றில் இருந்து 100 மீட்டர், குளத்தில் இருந்தும் குடியிருப்பில் இருந்தும் குடிநீர்க் கிணற்றில் இருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் ஊர் வரைபடத்தில் காம்பஸ் வைத்து அந்த வட்டங்களைப் போட்டுப் பாருங்கள். மிஞ்சுகிற இடம் எவ்வளவு குறைவு என்று பார்த்தால் கிடங்குக்குப் போவதைக் குறைப்பதில் எல்லோருக்கும் திடீர் அக்கறை வந்துவிடும்.

உரக் கூடம், அதாவது ஈரக் குப்பையைச் சின்ன அளவில் உரமாக்கும் எம்.சி.சி. மையம், அப்படி இல்லை, அது சின்னது, ஒழுங்காக நடந்தால் நாறாது. 'ஒழுங்காக நடந்தால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எதிர்க்கிறவர்களைப் பக்கத்து ஊரில் நன்றாக நடக்கும் கூடம் ஒன்றுக்கும் மோசமாக நடக்கும் கூடம் ஒன்றுக்கும் வண்டி வைத்துக் கூட்டிப் போனோம். நல்லதை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து அவர்களே நிபந்தனை எழுதினார்கள்: ஈரக் குப்பை அன்றன்றைக்குத் தொட்டியில் ஏற வேண்டும், கசிகிற தண்ணீர் வெளியே ஓடக்கூடாது, வாரம் ஒரு நாள் தெருக்காரர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அந்த மூன்றும் கூடத்தின் வாசலில் போர்டாக எழுதி மாட்டியிருக்கிறது.

எரித்து மின்சாரம் எடுத்தால் பிரச்சினை தீராதா?

நம் குப்பை பாதிக்கு மேல் ஈரம். சாம்பாரை எரிக்க முடியுமா? காயவைக்கவே எரிபொருள் போய்விடும், நன்றாக எரிய வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கும் அட்டையும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், அப்புறம் அவற்றைக் குறைக்க யாருக்கு மனசு வரும்? கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசுவோம். நடுத்தர நகராட்சிக்கு இது பொருந்தவே பொருந்தாது என்று நினைக்கிறேன்.

அபராதம் போடச் சொல்லலாமா?

டிரம்மும் வண்டியும் நேரத்துக்கு வந்த பிறகு போடச் சொல்லுங்கள், அதுவும் மூட்டையாகக் கொண்டு வந்து போடும் கடைகளில் ஆரம்பித்து.

கேட்ட தகவலைத் தரவே மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

15 நாள் பொறுங்கள். பிறகு ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் குழுவின் பெயரில் போடாதீர்கள், உறுப்பினர் ஒருவர் குடிமகனாகத் தன் பெயரில் போட வேண்டும். கேள்வியைச் சின்னதாக வையுங்கள். 'குப்பை மேலாண்மை பற்றிய முழு விவரம்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'கடந்த மூன்று மாதத்தின் எடை மேடை ரசீது நகல்' என்று கேட்டால் வந்தே ஆக வேண்டும்.

எங்களுக்கு ஒரு முறை வந்த ரசீதுகளில் ஒரே லாரி ஒரே நாளில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடை போட்டிருந்தது. கிடங்குக்குப் போய்வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதைக் கத்திப் பேசவில்லை, ரசீதுகளை அப்படியே இணைத்து "விளக்கம் தேவை" என்று இரண்டு வரி எழுதினோம். அடுத்த மாதத்தில் இருந்து எடை மேடையில் கேமரா வந்துவிட்டது. விளக்கம் இன்னும் வரவில்லை.

வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள். குட் மார்னிங் படம் போடுகிறவரை இரண்டாவது முறையே வெளியே எடுத்துவிடுங்கள், அவர் யாராக இருந்தாலும். முடிவுகளை மட்டும் அதில் எடுக்காதீர்கள், தூய்மைப் பணியாளர் மூன்று பேரில் ஒருவரிடம்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறது.

கவுன்சில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டால் குழு என்ன ஆகும்?

நம் மாநிலத்துக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. நகர உள்ளாட்சிகள் 2016 அக்டோபரில் இருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை கவுன்சில் இல்லாமலேதான் ஓடின. அதனால் தீர்மானத்திலேயே, மன்றம் இல்லாத காலத்தில் குழு தனி அலுவலருக்கு யோசனை சொல்லும் என்று ஒரு வரி போட்டு வையுங்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஊர்க்காரர்கள் போய் அதிகாரப்பூர்வமாக உட்காரக்கூடிய ஒரே இடம் உங்கள் குழுவாக இருக்கலாம்.

கூட்டச் செலவுக்குப் பணம்? உறுப்பினர்களுக்குப் படி உண்டா?

பணியாளர்களுக்கு அரை நாள் சம்பளம் உண்டு என்று மேலே சொன்னேன். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பெரிய செலவு என்றால் தராசு, தார்ப்பாய், ஜெராக்ஸ். மீதி டீ.

டீ விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒரு கூட்டத்துக்கு டீக்கடையில் இருந்து டீ வந்தது. மேஜையில் இருந்தவர்களுக்குப் பீங்கான் கப், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த பணியாளர்களுக்குப் பேப்பர் கப். கடைப் பையன் யாரும் சொல்லாமல் தானாகவே அப்படிக் கொடுத்தான். பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1-ல் இருந்தே தடை என்பது தனி வேடிக்கை. அன்றைக்கு யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு மகளிர் குழு அக்கா ஒருவர் 15 எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்து வைத்தார், எல்லாம் ஒரே மாதிரி. கழுவுவது முறை வைத்து. சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல்படி இந்த மாதம் வக்கீல், அடுத்த மாதம் நான்.